கட்டையுடன் நிற்பவர்

எங்கள் ஊரில் யாரும் யாருடைய பெயரையும் நேரில் கேட்பதில்லை. மூன்றாவது ஆள் ஒருவர் நடுவில் நின்று, இவர் இன்னார், அவர் இன்னார் என்று அறிமுகம் செய்துவைக்க வேண்டும். அப்படி ஒருவர் அமையாவிட்டால் முப்பது வருடம் அடுத்தடுத்த வீட்டில் குடியிருந்து, மழையைப் பற்றி மட்டும் பேசிவிட்டு, ஒருவர் சவ ஊர்வலத்துக்கு மற்றவர் போய் நிற்போம். இதற்கு எங்கள் ஊரில் நாகரிகம் என்று பெயர். 1973 நவம்பரில் இந்த நாகரிகம் என் அக்கா ஹெஸ்டரைக் கொல்லப் பார்த்தது. பாதிக் குற்றம் என்னுடையது. மீதிப் பாதியை ஊர் பங்கு போட்டுக்கொள்ளட்டும்.

ஊர், சசெக்ஸில் லிட்டில் ஹாவெல். 1952-ல் லண்டனிலிருந்து ஒரு படக்கம்பெனி வந்து இங்கே ‘மணிக்குப் பன்னிரண்டு மைல்’ என்ற சிரிப்புப் படத்தை எடுத்தது. கதை பெரிதாக ஒன்றுமில்லை. 1904-ஆம் வருடத்துக் கார் ஒன்றில் ஒருவன் காதலியை ஏற்றிக்கொண்டு கடற்கரைக்குப் போய்த் திரும்புகிறான். வழியில் வண்டி ஏழு இடத்தில் நிற்கிறது. ஏழு இடத்திலும் யாரோ வந்து உதவி வேண்டுமா என்று கேட்கிறார்கள். அவன் இன்ஜினுக்குள் தலையை விட்டபடியே, "எல்லாம் பிரமாதமா இருக்கு, நன்றி" என்கிறான். சர்க்கரைக்கு ரேஷன் இருந்த காலம். சிரிப்புக்கு இல்லை. தேசமே சிரித்தது.

அன்றிலிருந்து ஒவ்வொரு நவம்பரிலும் முதல் ஞாயிறன்று பழைய கார் கிளப்பார் அதே உடை, அதே தொப்பியோடு அதே வழியில் வண்டி ஓட்டுவார்கள். சாயங்காலம் ஊர்ப் பொதுக்கூடத்தில் அதே படம், அதே இடங்களில் அதே சிரிப்பு. சிலர் இன்னும் தேர்ந்தவர்கள். திரையில் சிரிப்பு வருவதற்கு இரண்டு விநாடி முன்பே சிரித்துவிடுவார்கள்.

படத்திலேயே பெரிய சிரிப்பு, ஸ்டார்லிங் மேட்டுக் காட்சிக்குத்தான். அந்தக் காலத்துக் காருக்குப் பிரேக் முன்னால் போகும்போதுதான் பிடிக்கும். மேட்டில் நின்று பின்னால் உருள ஆரம்பித்தால் அதற்கும் நமக்கும் எந்த உறவும் இல்லை. அதனால் பக்கத்தில் உட்காருகிறவருக்கு ஒரு வேலை உண்டு. வண்டி திணறியதும் குதித்து இறங்கிப் பின் சக்கரத்துக்குக் கீழே முட்டுக்கட்டை போட வேண்டும். படத்தில் காதலன் இறங்கி இன்ஜினைக் குடைந்துகொண்டிருப்பான். வெள்ளைத் தொப்பியோடு அவள் மட்டும் மேலே உட்கார்ந்திருப்பாள். நீளமான மேல்கோட்டு போட்ட ஓர் ஆள் சாலையோரத்தில் கட்டையோடு நிற்பார். வண்டி மெதுவாகப் பின்னால் உருளும். கட்டை ஆள் போடமாட்டார், பார்த்துக்கொண்டே நிற்பார். அவள் ஒரு கையால் தொப்பியைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி அவரைத் தாண்டிப் போவாள். அதோடு காட்சி வெட்டி, அடுத்த காட்சியில் எல்லோரும் டீக்கடையில். கூடம் இடிந்து விழும்.

நான் அப்போது கல்லூரியில் இரண்டாம் வருடம். எங்கள் பத்திரிகைக்கு ‘ஒரு தேசம் எதற்குச் சிரிக்கிறது’ என்று நையாண்டிக் கட்டுரை எழுதுவதற்காக, கல்லூரியின் எடிட்டிங் மேசையில் அந்தக் காட்சியை ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பார்த்தேன். இரண்டு நாள் சிரித்தேன். மூன்றாம் நாள் கட்டுரையை நிறுத்திவிட்டேன்.

வண்டியில் இருப்பது கதாநாயகி இல்லை. அதே தொப்பியும் கோட்டும் போட்ட வேறு ஒரு பெண், அவளுக்குப் பதிலாக உட்காரவைக்கப்பட்டவள். அவள் நடிக்கவில்லை. கட்டை ஆளும் நடிக்கவில்லை. அவர் பார்வை கேமராவின் மேலேயே இருக்கிறது, உதடுகள் அசைகின்றன. பத்துத் தடவை ஓட்டியபின் புரிந்தது. "இப்பவா? இப்பவா?" என்று கேட்கிறார். பதில் வந்ததாகத் தெரியவில்லை. மேட்டுக்குக் கீழே சாலை திரும்பும் இடத்தில் தண்ணீர் தேங்கிய பழைய சுண்ணாம்புக் குவாரி ஒன்று இருக்கிறது. காட்சி அதற்குச் சரியாக நான்கு ஃபிரேம் முன்னால் வெட்டப்பட்டிருக்கிறது.

இனி என் பங்கு. அந்தப் படத்தில் ஓடிய அதே வண்டிக்கு வினிஃப்ரெட் என்று பெயர். ஒரு வைக்கோல் கொட்டகையில், பின்பாகம் நசுங்கி, கோழிகளுக்கு வீடாக இருந்ததை என் அக்கா வாங்கினாள். ஹெஸ்டர் மாட்டு டாக்டர். பகலெல்லாம் மாடுகளுக்குள் தோள்வரை கையை விடுவாள். சாயங்காலமெல்லாம் வினிஃப்ரெட்டுக்குள். நாலு வருடம். ஓக் மரத்தில் கைப்பட ஒரு முட்டுக்கட்டையும் செய்துவைத்திருந்தாள். செப்டம்பரில் நான் கல்லூரிக்குக் கிளம்பும்போது அதைப் பையில் போட்டுக்கொண்டேன். என் அறை மேசைக்கு ஒரு கால் குட்டை. கட்டை அளவெடுத்த மாதிரி பொருந்தியது. மனித குலத்தின் அலட்சியத்தைப் பற்றி அந்த மேசையில் நான் மூன்று கட்டுரைகள் எழுதினேன்.

ஞாயிறு காலை, பதினெட்டு வண்டிகள் சர்ச்சுக்கு முன்னால் புகைந்துகொண்டு நின்றன. மூடுபனி. ஹெஸ்டர் படத்தில் வருவது போலவே வெள்ளைத் தொப்பி வைத்திருந்தாள், கிளப் விதி அது. குளிருக்குத் தோல் போர்வை ஒன்றை இடுப்பைச் சுற்றிப் போட்டு, சீட்டோடு சேர்த்து வாரால் இறுக்கியிருந்தாள்.

"டேய் டிக்பி, கட்டைய எடுத்து வெச்சியா?"

அப்போதுதான் எனக்கு மேசைக்கால் ஞாபகம் வந்தது. உண்மையைச் சொல்லியிருந்தால் அவள் என்னை நாலு திட்டு திட்டிவிட்டு, யாரிடமாவது கட்டை இரவல் வாங்கியிருப்பாள். அவ்வளவுதான் நடந்திருக்கும். ஆனால் நான் லிட்டில் ஹாவெல்காரன்.

"எல்லாம் பிரமாதமா இருக்கு" என்றேன். அவள் சிரித்தாள். நான் கீழே குனிந்து, செங்கல் அளவு கல் ஒன்றைப் பொறுக்கிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன்.

மேட்டுக்குக் கீழே, வழக்கம்போல டீக்கு நிறுத்தினார்கள். கிளப் தலைவர் மேஜர் கிம்பிள் ஒவ்வொரு வண்டியாக வந்து விசாரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு எழுபத்தைந்து வயது, இரண்டு போர் பார்த்தவர், பயந்தது ஒரே ஒன்றுக்கு: சங்கடம்.

"மேஜர், படத்துல வர்ற மாதிரியே நம்ம ஓட்டத்தப்பவும் மேட்டுல ஒருத்தர் கட்டையோட நிப்பாரே, யாரு அவரு?"

"அவரா? வருசா வருசம் வர்றாரு தம்பி. மழையோ பனியோ, தவறினதே இல்ல. ரொம்ப நல்ல மனுசன். ஒரு தொந்தரவு கிடையாது."

"பேரு?"

"யாரும் அறிமுகப்படுத்தி வெக்கலியே."

"இருபத்தோரு வருசமாவா?"

"இதுலல்லாம் அவசரப்பட முடியுமா? நான் ஏதோ பக்கத்து ஊரு கிளப் ஆளுன்னு நெனச்சேன். அவங்க எங்க ஆளுன்னு நெனச்சிருப்பாங்க." பிஸ்கட்டை டீயில் தோய்த்தார். "கோட்டு மட்டும் பழசு. கொஞ்சம் ஈரமாவே இருக்கும். அதையெல்லாம் எப்படிப் போய்ச் சொல்றது?"

"படத்துல வண்டியில உக்காந்திருந்த பொண்ணு, அது அப்புறம் என்ன ஆச்சு?"

மேஜர் என்னைப் பார்க்கவில்லை. பிஸ்கட் பாதி உடைந்து டீக்குள் விழுந்தது. அதையும் பார்க்கவில்லை.

"டீ ஆறுது பாரு தம்பி" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

ஹெஸ்டர் காதில் இது விழுந்திருந்தது. "எந்தப் பொண்ணுடா?"

"ஒண்ணுமில்லக்கா. நாம கடைசியாப் போவோமா? இல்ல, மேட்டச் சுத்திக்கிட்டுப் பெரிய ரோட்லயே போயிடலாமே?"

"நாலு வருசம் கோழிப்பீயச் சொரண்டினது பெரிய ரோட்ல போறதுக்கா? ஏறுடா மடையா."

மற்ற பதினேழு வண்டிகளும் ஏறிப் பனிக்குள் மறைந்தன. அவற்றின் சத்தம் மேட்டைத் தாண்டியதும், யாரோ கதவைச் சாத்தியதுபோல அடங்கிவிட்டது. நாங்கள் ஏற ஆரம்பித்தோம்.

பாதி மேட்டில் அவர் நின்றுகொண்டிருந்தார். நீளமான கோட்டு, கையில் கட்டை. நாங்கள் தாண்டியபோது அவர் எங்களைப் பார்க்கவில்லை. சாலையின் மேல்பக்கத்தில் வயல்வெளிக் கதவு ஒன்று இருக்கிறது. அதில், ‘படம் இங்கிருந்து எடுக்கப்பட்டது’ என்று கிளப்பார் ஒரு பித்தளைத் தகடு அடித்திருக்கிறார்கள். அவர் அந்தக் கதவையே பார்த்தபடி நின்றார். அவர் கோட்டிலிருந்து வெள்ளையாக, சுண்ணாம்பு கரைந்த தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அவரைத் தாண்டி இருபது அடி போனதும் வினிஃப்ரெட் இருமியது. இரண்டு தரம் குலுங்கியது. நின்றது. படத்தில் எந்த இடத்தில் நின்றதோ, அங்கேயேதான். எனக்கு அந்த இடத்தின் ஒவ்வொரு புல்லும் தெரியும், மூன்று நாள் பார்த்திருக்கிறேன்.

அப்போதுதான் சிரிப்புச் சத்தம் கேட்டது.

இரண்டு பக்கமும் வேலி. வேலிக்குப் பின்னால் வெறும் வயல், ஒரு மாடுகூட இல்லை. ஆனால் கூடம் நிறைந்தவர்கள் சிரிக்கிற சிரிப்பு அது. நடுவில் ஓர் இருமல், கடைசியில் ஒருத்தர் மட்டும் விட்டுவிட்டுச் சிரிப்பது, எல்லாம் இருந்தது. வண்டி இன்னும் உருளவே இல்லை. இரண்டு விநாடி முன்பே சிரித்துவிட்டார்கள்.

"கட்டையப் போடுடா!" என்றாள் ஹெஸ்டர்.

நான் குதித்தேன். பையிலிருந்த கல்லைச் சக்கரத்துக்கு அடியில் தள்ளினேன். ஈர இலைகளின் மேல் அது சோப்பு மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடிவிட்டது. வண்டி உருள ஆரம்பித்தது. பின்னால் போய்த் தோளைக் கொடுத்தேன். என் காலில் கிளப் விதிப்படி 1904-ஆம் வருடத்து மாதிரி தோல் பூட்ஸ், அடியில் ஒரு பிடிப்பும் கிடையாது. வண்டியும் நானும் சேர்ந்து கீழே போய்க்கொண்டிருந்தோம்.

"கட்ட எங்கடா?"

"என் ரூம்ல மேசைக்குக் கீழ இருக்குக்கா! குதிச்சிரு!"

"மேசைக்குக் கீழயா? எதுக்குடா மேசைக்கு...?" வாரை அவிழ்க்கத் தடுமாறினாள். குளிரில் தோல் விறைத்துக்கொண்டிருந்தது. "வார் வரமாட்டேங்குதுடா!"

கட்டை ஆள் இப்போது என்னிடமிருந்து நாலடி தூரத்தில்.

"சார்! கொஞ்சம் அந்தக் கட்டைய... தயவுசெஞ்சு!"

அவர் திரும்பவில்லை. ரொம்ப மரியாதையான குரலில் பேசினார். "இன்னும் சொல்லலீங்களே."

"நான் சொல்றேன், போடுங்க!"

"நீங்க சொல்லக் கூடாதுங்க. அங்கருந்து சொல்லணும். நான் சொல்றப்ப மட்டும் போட்டாப் போதும்னு டைரக்டரு சொல்லிருக்காரு." கதவைப் பார்த்து, "இப்பவா?" என்றார்.

கதவருகில் யாரும் இல்லை. பித்தளைத் தகட்டில் பனி வழிந்துகொண்டிருந்தது. வேலிக்குப் பின்னால் சிரிப்பு ஏறியது.

என் அக்காவை நிமிர்ந்து பார்த்தேன். வாரை அவிழ்த்துக்கொண்டிருந்த கையை எடுத்துவிட்டிருந்தாள். அந்தக் கை தொப்பிக்குப் போயிருந்தது. வாழ்க்கையில் எந்தத் தொப்பியைப் பற்றியும் கவலைப்பட்டிராதவள், ஒரு கையால் தொப்பியைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து, கட்டை ஆளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகம் என் அக்காவின் முகமாக முழுசாக இல்லை.

நான் தோளை எடுத்துவிட்டேன். விலகினேன். வண்டியை விட்டுவிட்டு, மேலே, கதவை நோக்கி ஓடினேன்.

"டேய், எங்கடா ஓடுற!" அந்தக் குரல் மட்டும் ஹெஸ்டருடையதுதான். "விட்டுட்டு ஓடுறியேடா!"

நாற்பது அடி இருக்கும். வழுக்கி ஒருமுறை முழங்காலில் விழுந்தேன். கதவைப் பிடித்து, தகட்டுக்கு முன்னால் நின்று திரும்பினேன். கண்ணுக்குத் தெரிந்தது அதே படம். அதே கோணம், அதே வேலி, வெள்ளைத் தொப்பி ஒன்று சின்னதாகிக்கொண்டே போகிறது. ஒரு விநாடி, ஒரே விநாடி, எனக்கும் சிரிப்பு வந்தது. அதைத்தான் நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. தொண்டைவரை வந்தது. நன்றாகத்தான் வந்திருக்கிறது, இன்னும் கொஞ்சம் ஓடட்டும் என்று தோன்றியது.

"இப்பவா?" என்றார் கட்டை ஆள், நேராக என் கண்ணைப் பார்த்து.

"இப்போ!" என்று கத்தினேன்.

அவ்வளவு வயதான மனிதர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. இருபத்தோரு வருடம் தயாராக நின்றவரின் ஓட்டம் அது. வண்டியை எட்டிப்பிடித்து, மண்டியிட்டு, கட்டையைச் சக்கரத்துக்கு அடியில் வைத்தார். வினிஃப்ரெட் ஏறி, திமிறி, நின்றது. சிரிப்பு பாதியில் அறுந்தது.

நான் இறங்கிப் போய்ச் சேர்ந்தபோது அவர் இல்லை. ஹெஸ்டர் வாரை அவிழ்த்து இறங்கி, குவாரி வளைவைப் பார்த்தபடி நின்றாள். அதற்கு இன்னும் பத்தடிதான் இருந்தது. என்னை அறைந்தாள். பிறகு கட்டிக்கொண்டாள். பிறகு ஞாபகம் வந்தவளாக இன்னொரு முறை அறைந்தாள்.

"மேசைக்காலுக்காடா?"

"ஆமாக்கா."

"அந்த ஆளு எங்க போனாரு? நன்றிகூடச் சொல்லலியே."

சக்கரத்துக்கு அடியில் கட்டை மட்டும் இருந்தது. தொட்டேன். கிணற்றிலிருந்து எடுத்ததுபோல ஜில்லென்று, சுண்ணாம்பு படிந்து வெள்ளையாக.

சாயங்காலம் ஆறு மணிக்குப் பொதுக்கூடத்தில் படம். போக வேண்டாம் என்று நான் சொன்னேன். போகாவிட்டால் நான்கு பேர் நலம் விசாரிக்க வருவார்கள், அது இன்னும் மோசம் என்றாள் ஹெஸ்டர். பின்வரிசையில் உட்கார்ந்தோம். ஏழு பிரமாதமும் வழக்கம்போல நடந்தன. ஸ்டார்லிங் மேடு வந்தது. இரண்டு விநாடி முன்பே சிரிக்கிறவர்கள் சிரித்தார்கள். வண்டி உருண்டது. வெள்ளைத் தொப்பி, திறந்த வாய்.

கட்டை ஆள் ஓடிவந்து கட்டையைப் போட்டார். வண்டி நின்றது.

கூடத்தில் சிரிப்பு எங்கே போவதென்று தெரியாமல் தொங்கியது. திரையில் அந்தப் பெண் தொப்பியிலிருந்து கையை எடுத்தாள். மூச்சுவிட்டாள். போர்வையை ஒதுக்கி இறங்கி, பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டு, மேட்டில் ஏறி எங்களை நோக்கி நடந்து வந்தாள். திரையின் ஓரத்தைத் தாண்டிப் போனாள். கூடத்தின் பக்கவாட்டுக் கதவு திறந்து, மெதுவாக மூடிக்கொண்டது. காற்றாக இருக்கலாம். முன்வரிசையில் ஒருவர் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

காட்சி வெட்டப்படவில்லை. டீக்கடை வரவில்லை. திரையில் மேடு, நின்ற வண்டி, கட்டை ஆள். அவர் எழுந்து, முழங்காலைத் துடைத்து, கேமராவைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு நிமிடம். மூன்று நிமிடம். படம் ஓட்டுகிறவர் மிஷினைத் தட்டினார். ரீல் தீர்ந்து வெறும் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்ததை நான் திரும்பிப் பார்த்தேன். மேடு மட்டும் திரையில் இருந்தது. எழுபது பேரும் அதையே ஒழுங்காக, முதுகு நிமிர்த்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் அசையவில்லை. நடுவில் எழுந்து போவது மரியாதை இல்லை.

ஹெஸ்டர் என் காதில் சொன்னாள்: "டேய், அவரு உன்னத்தான் பாக்குறாரு."

"தெரியும்."

"என்ன வேணுமாம்?"

"நான் ‘இப்போ’ன்னு சொன்னேன். முடிஞ்சுதுன்னு சொல்லல."

"அப்ப சொல்லித் தொலையேன்டா."

படம் ஓடும்போது பேசுவது எங்கள் ஊரில் திருட்டுக்கு ஒரு படி மேலே. எனக்குக் காது சிவந்தது. அந்த மேட்டில் ஓடியதைவிட இது கஷ்டமாக இருந்தது என்றால் நம்பமாட்டீர்கள். நான் எழுந்தேன். நாற்காலி கிரீச்சிட்டது. எழுபது தலைகள் திரும்பாமலேயே என்னைக் கண்டித்தன.

"கட்" என்றேன். "நல்லா வந்திருக்கு சார். எல்லாரும் வீட்டுக்குப் போகலாம். ரொம்ப நன்றி."

அவர் கொஞ்ச நேரம் நம்பாதவர் மாதிரி பார்த்தார். பிறகு தொப்பியை எடுத்து, தலை குனிந்து, மறுபடி வைத்துக்கொண்டு, மேட்டிலிருந்து இறங்கிப் பனிக்குள் போனார். திரை வெறும் வெள்ளையாயிற்று. விளக்கு போட்டார்கள்.

மேஜர் கிம்பிள் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார். அவர் கண்கள் ஈரமாக இருந்தன, ஆனால் அதைப் பற்றி நாங்கள் இருவருமே பேசவில்லை.

"தம்பி, படம் நடுவுல எந்திரிச்சுப் பேசுறது நல்ல பழக்கம் இல்ல."

"மன்னிச்சிருங்க மேஜர்."

"சரி, போகட்டும்." தடியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். "அவரு பேரு ஏதாவது சொன்னாரா?"

"இல்ல. நானும் கேக்கல."

"கேக்காததும் நல்லதுதான்" என்றார் மேஜர். பிறகு, வெளியே இருட்டைப் பார்த்தபடி, "கேட்டிருக்கலாம்" என்றார்.